டர்ன்டேபிள் மதிப்புரைகளில் அளவீடு ஏன் வேண்டும்

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில், ஊசியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகமான கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் பற்றி “வயலின் காதைக் குத்துகிறது” என்று மதிப்புரையில் படித்துவிட்டு, நன்றாக இருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வருபவர்கள் உண்டு. எழுதியவரின் கேபிளும், கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்பும் சேர்ந்து அந்தக் கார்ட்ரிட்ஜின் மேல் எத்தனை பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸை (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மையை) ஏற்றின என்பதுதான் அவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்ட தகவல். அது பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

ஊசியோடு காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றின் காயிலில் 500 மில்லிஹென்றி அளவுக்கு இன்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) உண்டு. அதனோடு 200 பிகோஃபாரட் சேர்ந்தால் மின் ஒத்ததிர்வு, அதாவது இரண்டும் சேர்ந்து இயல்பாக அதிரும் இடம், ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸில் அமைகிறது. ப்ரீஆம்ப் உள்ளீட்டின் வழக்கமான 47 கிலோஓம் மின்தடைச் சுமையில் அங்கே மேடு பெரிதாக எழுவதில்லை. நீளமான கேபிளாலோ ப்ரீஆம்பின் உள்ளீட்டாலோ அந்த 200 என்பது 400 ஆகிவிட்டால், ஒத்ததிர்வு 11 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, அதற்குச் சற்றுக் கீழே சுமார் 3 டெசிபெல் உயரத்துக்கு ஒரு மேடு கிளம்பி, அதற்கு மேல் ஒலி வேகமாகச் சரிந்துவிடும். காதைக் குத்துவது அந்த மேடு. கார்ட்ரிட்ஜின் பின்களிலிருந்து ஒயர்களைக் கழற்றிவிட்டு, கேபிளின் மறுமுனையை கெபாசிட்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. மீதியை ப்ரீஆம்பின் உள்ளீட்டு கெபாசிட்டன்ஸ் சொல்லிவிடும். கூடுதல் கேபிளிலிருந்து வந்தால், கார்ட்ரிட்ஜை மாற்றாமல், கேபிளைக் குறைத்தாலே போதும்.

ஃபோனோ ப்ரீஆம்பிலும் இதே நிலைதான். 1954இல் வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கம்) வரையறைப்படி இசைத்தட்டில் அடித்தொனி குறைத்தும் மேல்தொனி கூட்டியும் வெட்டப்படுகிறது. ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்ய, 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால், 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபெல் ஏற்றி, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல் இறக்க வேண்டும். இதில் சில ஆக்டேவ்கள் (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளிகள்) முழுக்க ஒரு டெசிபெல் பிசகினால், அது பிழையென்று காதுக்குத் தோன்றாது. “இதமான ஒலி” என்று பாராட்டே கிடைத்துவிடும். காதை நான் குறைத்து மதிப்பிடவில்லை; உள்வட்டத்தில் ஊசி தடுமாறுவதை முதலில் சொல்வது காதுதான். ஆனால், காரணம் எங்கே என்று அதனால் பிரித்துக் காட்ட இயலாது.

வேகம் குறித்த எண்களைப் படிக்கும்போது இன்னும் கவனம் தேவை. வேகம் சீராக உள்ளதா என்று அளக்க 3150 ஹெர்ட்ஸ் தொனி பதிந்த சோதனைத் தட்டைப் பயன்படுத்துவார்கள்; அதன் நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலே, 100 மில்லிமீட்டர் ஆரத்தில், 1.8 வினாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சுருதி இருபுறமும் 0.5 சதவீதம் ஏறி இறங்கும். அது தட்டின் குறை, மோட்டாரின் குறை அன்று. அளந்தவர் தட்டை நகர்த்தி மையப்படுத்தினாரா, 4 ஹெர்ட்ஸை ஒட்டிய ஏற்ற இறக்கங்களுக்குக் கூடுதல் மதிப்பளிக்கும் வடிகட்டியோடு அளந்தாரா என்று தெரியாத வரை, வேக ஏற்ற இறக்கத்துக்கு ஒருவர் தரும் 0.05 சதவீதத்தையும் இன்னொருவர் தரும் 0.15 சதவீதத்தையும் ஒப்பிட்டு டர்ன்டேபிள் வாங்க வேண்டாம்.