விட முடியாத மூச்சு

மேம்பாலப் படிகளில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பற்றி நின்று, விளக்கை ஊதி அணைப்பவர்போல உதட்டைக் குவித்து மூச்சுவிடும் முதியவர்களைச் சிங்கப்பூரில் நம்மில் பலர் பார்த்திருப்போம். காற்றுப் போதாமல் தவிக்கிறார்கள் என்றே தோன்றும். ஆனால் எம்ஃபிசீமா என்னும் நுரையீரல் நோய் உள்ளவருக்கு, உள்ளே போன காற்று வெளியே வராததே முதல் தொல்லை.

மூச்சுக்குழாய்கள் கிளைத்துக் கிளைத்து, 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகளில் முடிகின்றன. அவற்றின் சுவர்களை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் தரையையே மூடிவிடலாம். அச்சுவர்களில் ஓடும் எலாஸ்டின் என்னும் மீள்தன்மையுள்ள புரத இழைகள், மூச்சை இழுக்கும்போது விரிந்து, பின்பு தாமே சுருங்கிக் காற்றைத் தள்ளுகின்றன. கூடாரத்தைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல, சிறு மூச்சுக்குழாய்கள் அமுங்கிவிடாமல் காப்பவையும் அவையே.

சிகரெட் புகை நுரையீரலை நாள்தோறும் உறுத்தும்போது வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. கிருமிகளை அழிக்க அவை வைத்திருக்கும் எலாஸ்டேஸ் என்னும் நொதி, எலாஸ்டினையும் அரிக்கக்கூடியது. அதைக் கட்டுப்படுத்த ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதத்தைக் கல்லீரல் அனுப்புகிறது. புகையோ அந்தக் காவலையும் செயலிழக்கச் செய்கிறது. இப்புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு எம்ஃபிசீமா இளவயதிலேயே வரக்கூடும் என்பதை 1963இல் சுவீடன் ஆய்வாளர்கள் லாரெல், எரிக்சன் இருவரும் காட்டினர். விறகடுப்புப் புகையும் வேலையிடத் தூசியும்கூடக் காரணங்களாகலாம். எனினும் முதற்காரணம் புகைபிடித்தலே.

சுவர்கள் அரிபட்டதும் பல நுண்ணறைகள் ஒன்றாகிப் பெரிய பைகளாகின்றன. வீட்டில் தடுப்புச்சுவரை இடித்தால் இடம் விசாலமாகும். நுரையீரலிலோ சுவரில்தான் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது என்பதால், சுவர் போனால் எல்லாம் போயிற்று. பிடிமானம் இழந்த சிறுகுழாய்கள் மூச்சை விடும்போது ஒட்டிக்கொள்ள, காற்று உள்ளேயே தங்கி மார்புக்கூட்டைப் பீப்பாய்போல் புடைக்கச் செய்கிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே வளைந்திருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாகி வலுவிழக்கிறது. அந்த முதியவர் உதட்டைக் குவிப்பது உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, அக்குழாய்களைச் சற்றே திறந்து வைப்பதற்காகத்தான். யாரும் சொல்லித்தராமலேயே பலரும் இதைக் கண்டுகொள்கிறார்கள்.

அழிந்த சுவர் மீண்டும் வளராது. ஆனால், தகுந்த நோயாளிகளுக்கு மிகவும் சிதைந்த பகுதியை அறுவைசிகிச்சையில் நீக்கினால், எஞ்சியுள்ள நுரையீரலுக்கு விரியவும் உதரவிதானத்துக்கு மீண்டும் வளையவும் இடம் கிடைக்கிறது.