கிருமி செத்துச்சு, சரி... கொன்னது யாரு?

கிளினிக்ல இரும்பு மாத்திரை குடுக்கும்போது தேத்தண்ணியோட குடிக்காதீங்கன்னு சொல்லுவாங்கல்ல, ஏன்னு பாக்கணும்னா அந்த மாத்திரையப் பொடிச்சு ஒரு கப் பிளேன்டீல போட்டுப் பாருங்க, மை மாதிரி கறுத்துப்போகும். தேயிலையில இருக்கிற பொலிபீனோல் இரும்ப ஓடை நண்டு கொடுக்கால பிடிக்கிற மாதிரி பிடிச்சிக்கிது. நடுவுல ஒரு உலோக அயன் (மின்னேற்றம் இருக்கிற அணு), சுத்தி அதப் பிடிச்சிருக்கிற மூலக்கூறு (லிகண்ட்), இதுதான் கொம்ப்ளெக்ஸ். ஏ.எல்.ல சிக்கல் அயன்னு படிச்சு வெறுத்துப்போனோமே, அதேதான். அந்த மாதிரி ஒரு கொம்ப்ளெக்ஸ செஞ்சு, அது பக்டீரியாவக் கொல்லுதான்னு எப்படி சோதிக்கிறதுங்கிறதுதான் இங்க பேச்சு.

உலோகம் கிருமியக் கொல்லும்னு நம்ம ஆளுங்களுக்குப் புதுசா சொல்லத் தேவையில்ல, 1946ல கொப்புள நோய் (இலையில கொப்புளம் போடுற பூஞ்சண நோய்) இலங்கைத் தேயிலைக்கு வந்ததுல இருந்து மலை மலையா செம்பு மருந்துதான அடிச்சோம். ஆனா சும்மா செம்பு அயனுக்கு மின்னேற்றம் இருக்கு, பக்டீரியாவோட கொழுப்புச் சவ்வத் தாண்டுறது அதுக்குக் கஷ்டம். லிகண்ட் அந்த ஏற்றத்தக் கொஞ்சம் பங்குபோட்டு எண்ணெய்ல கரையுற மாதிரி மாத்திட்டா லேசா உள்ள போயிரும்ங்கிறது கணக்கு. எப்பவும் பலிக்காது.

செய்யுறது சமையல் மாதிரிதான், சலிசில்அல்டிஹைட்டையும் ஒரு அமீனையும் எத்தனோல்ல போட்டு, ஆவி வெளிய போகாம அத மட்டும் குளிர்விச்சுக்கிட்டே சூடாக்கினா அநேகமா மஞ்சளா ஒண்ணு வரும், அதுதான் நம்ம லிகண்ட், அதுல செம்பு அசிற்றேற்று கரைசல ஊத்தினா நிறம் பச்சைக்கோ பிரவுணுக்கோ ஓடும், வடிச்சு கழுவிக் காயவைக்கணும். நிறம் மாறிருச்சுன்னு குதிக்கக்கூடாது, செம்பு உண்மையிலயே ஒட்டியிருக்கான்னு அகச்சிவப்பு நிறமாலையில பாக்கணும்.

அடுத்தது டெஸ்ட், எனக்குப் பிடிச்ச இடம். ஒரு மில்லிலீற்றருக்கு 15 கோடி பக்டீரியா அளவுக்குக் கலங்கலா கரைச்சு அகார் தட்டுல (கிருமி வளக்குற ஜெலி) பூசி, 6 மில்லிமீற்றர் பேப்பர் வில்லைல மருந்த ஊறவச்சு மேல வச்சு, 35 டிகிரி கிட்ட 16-18 மணித்தியாலம் இன்கியூபேட்டர்ல வைக்கணும் (நுவரெலியா ராத்திரியில வெளிய வச்சா கிருமியும் கம்பளி போத்திக்கிட்டுத் தூங்கிரும்). காலையில வில்லையச் சுத்தி தெளிவா ஒரு வட்டம் இருந்தா ஏதோ கொன்னிருக்கு, இல்லாட்டி வளரவிடாம நிப்பாட்டியிருக்கு. அந்த ஏதோ எது? அதனாலதான் அதே தட்டுல லிகண்ட் தனியா, செம்பு உப்பு தனியா, மருந்தக் கரைக்கப் போட்ட டிஎம்எஸ்ஓங்கிற திரவம் தனியா, தெரிஞ்ச அன்டிபயோட்டிக் ஒண்ணுன்னு எல்லாத்தையும் வைக்கணும். வெறும் உப்பே அதே வட்டத்தப் போட்டா நம்ம கொம்ப்ளெக்ஸுக்கு என்ன பெருமை?

வட்டம் பெருசுன்னா மருந்து கெட்டின்னும் இல்ல, அகார்ல வேகமா பரவுற பொருளுக்கு வட்டம் பெருசாத்தான் வரும். அதுக்குத்தான் ஒரு மில்லிலீற்றருக்கு 128, 64, 32ன்னு மைக்ரோகிராம் கணக்குல பாதி பாதியா ஐதாக்கி, குழாய்கள்ல பக்டீரியாவோட வச்சு, எந்தக் குழாய் வரைக்கும் கலங்காம இருக்குன்னு பாக்குறது. பிறகு அதே அளவ ரத்த அணு மேல ஊத்திப் பாக்கணும், அதுவும் உடைஞ்சு தண்ணி செவந்துச்சுன்னா அந்த மருந்த யாருக்குக் குடுக்குறது?

இதெல்லாம் தாண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்ததுக்கு உதாரணம், சுடுதண்ணி கொட்டின புண்ணுக்குப் பூசுற வெள்ளக் கிரீம், சில்வர் சல்பாடயசின். அதுலயும் வெள்ளி அயன் மெதுவாத்தான் கழண்டு வருது, அதோட அத யாரும் முழுங்குறதில்ல, தோலுக்கு மேலதான்.