மாமியின் தலையும் வௌவாலின் காதும்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடிக்குள் போன மாதம் ஒருநாள், பொழுதுபட்ட கையோடு, சின்ன வௌவால் ஒன்று யன்னலால் வந்துவிட்டது. மாமி சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினார். நான் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு நடு ஹோலில் நின்றேன். மாமி செய்ததுதான் சரி, காரணம் வேறாக இருந்தாலும்.

வௌவால் தலைமயிரில் சிக்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லாத வீடு இல்லை. ஆனால் மயிர்போன்ற கம்பியைக்கூட இருட்டில் கண்டு விலகுகிற பிராணி அது. 20,000 ஹேர்ட்ஸுக்கு மேலே, நம் காதுக்கு எட்டாத ஒலியை விட்டு, எதிரொலி திரும்பும் நேரத்தில் தூரம் அளக்கிறது. ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகும். 1.7 மீற்றர் தள்ளி நிற்கும் மாமியில் பட்டுத் திரும்ப, செக்கனில் நூறில் ஒரு பங்கு போதும். பூச்சியைப் பிடிக்கப்போகும் கணத்தில் சில இனங்கள் செக்கனுக்கு 200 தடவை வரை கூவும். கண் தெரியாமல் ஆக்கிய வௌவாலும் முட்டாமல் பறப்பதை இத்தாலிய விஞ்ஞானி ஸ்பல்லன்சானி 1790களிலேயே கண்டார். அந்த ஒலியை அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் கிரிஃபின் கருவியில் பிடித்ததோ 1938இல்தான்.

சரி, பிறகேன் தலைக்கு நேரே வருகிறது? சுவரோரம் திரும்பும்போது வேகம் குறையும். நடு அறையில் தாழ்ந்து அதை மீட்டுக்கொள்கிறது. அங்கேதான் நான் தடியோடு நின்றேன். வெளியில் என்றால், நம் தலைக்கு மேல் மொய்க்கும் நுளம்புதான் குறி.

விகாரமகாதேவி பூங்கா மரங்களில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களுக்கு இந்த எதிரொலி வித்தை கிடையாது. பெரிய கண்ணும் மூக்கும்தான் வழிகாட்டி. வெயில் ஏறினால் சிறகாலேயே விசிறிக்கொள்ளும். தொங்குவதற்கும் பலம் செலவில்லை: உடம்பின் பாரமே காலின் தசைநாணை இழுத்து விரல்களைப் பூட்டிவிடும்.

பயம் விட்டுப்போனதென்று கையால் பிடித்துவிடாதீர்கள். விசர்நோய்க் கிருமி சிலவற்றில் இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அன்றைக்கு ஃபேனையும் லைட்டையும் நிற்பாட்டி, யன்னலை அகலத் திறந்துவிட்டு, நானும் மாமிக்குப் பக்கத்தில் போய் ஒண்டினேன். கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது.

"போயிட்டுதோ?" என்றார் மாமி, தலைப்பை எடுக்காமலே.