ஊசி போல ஒரு கோடு வந்தால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

போன மார்கழியில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு என் மாணவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி ஓடிவந்தான். “சேர், மேசர் பிடிச்சிட்டன்!” மேசர் என்றால் விண்வெளியில் தானாகவே பெருகி வரும் நுண்ணலை. ஐதரசனின் 1420 மெகாஹேட்ஸ் வானொலி அலைக்கென்று தகரத்தில் நாங்கள் செய்த கொம்பு அன்டனாவை ஒரியன் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, 1665 மெகாஹேட்ஸில் கேட்டிருக்கிறான். திரையில் ஊசி போல ஒரு கோடு: அந்த ஒரு அலைவரிசையில் மட்டும் வலுத்த சிக்னல்.

அந்த ஆவலை நான் குறை சொல்லமாட்டேன். 1965இல் பெர்க்லி வானியலாளர்களே இந்தக் கோட்டைக் கண்டு, எதனுடையது என்று விளங்காமல் ‘மிஸ்டீரியம்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் ஐதரொட்சில் (ஒரு ஒட்சிசனும் ஒரு ஐதரசனும் சேர்ந்த) மூலக்கூறு என்று தெளிந்தது. புதிதாய்ப் பிறக்கும் நட்சத்திரத்தின் வெப்பக் கதிரும், அது பீச்சும் வாயுவின் மோதலும் சுற்றியுள்ள மூலக்கூறுகளை உயர் சக்திமட்டத்தில் குவித்துவிடும். அவற்றினூடே போகும் நுண்ணலை, தன்னைப் போலவே இன்னொன்றை ஒவ்வொன்றிடமிருந்தும் உருவிக்கொண்டு பெருகும். அதுதான் மேசர். நீராவியின் 22.235 கிகாஹேட்ஸ் மேசரை 1969இல் ஒரியனிலேயே கண்டார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசு மறைக்கும் இடத்திலும் இந்த அலை வெளியே வந்துவிடும்.

ஆனால் எங்கள் கொம்புக்கு அது எட்டாது. பெரிய தட்டு அன்டனாக்கள் வேண்டும்.

ஆகவே இருவரும் மாடிக்குப் போனோம். கொம்பை வடக்கே திருப்பினோம், கோடு அசையவில்லை. வானத்துக் கோடென்றால் மறைந்திருக்கவேண்டும். இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒரியன் நாளுக்குச் சுமார் 4 நிமிடம் முந்தி உச்சிக்கு வரும். வீட்டுச் சாதனம் கடிகார நேரத்தையே பின்பற்றும். பூமி நொடிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றி, ஒரியனை நெருங்கியும் விலகியும் போவதால், உண்மைக் கோட்டின் அலைவரிசை மாதக்கணக்கில் மெல்ல நகரும்: 1665 மெகாஹேட்ஸில் நொடிக்கு 1 கிலோமீற்றர் வேக மாற்றம் சுமார் 5.5 கிலோஹேட்ஸ். நகராத கோட்டை நம்பவேண்டாம்.

கீழ் அறையில் கண்காணிப்புக் கமெராவின் பதிவுப் பெட்டி இருந்தது. பிளக்கைக் கழற்றினேன். கோடு போய்விட்டது. பொடியனின் முகமும் வாடிவிட்டது.

1660 முதல் 1670 மெகாஹேட்ஸ் வரை சர்வதேச விதிகளில் வானொலி வானியலுக்கு இடம் உண்டு. தரமற்ற அடாப்டரும் அனுமதியற்ற சிக்னல் பூஸ்டரும் அந்த விதியைப் பார்ப்பதில்லை. வானை அளக்க மினக்கெடும் பொடியள் முதலில் வீட்டை அளக்கட்டும்: ஒவ்வொரு சாதனமாக அணைத்து, நேரத்தோடு கொப்பியில் எழுதட்டும்.

அவன் இப்போது அப்படித்தான் எழுதுகிறான். முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் பதிவுப் பெட்டிதான், நேரம் 10.52.