கோயாகுலேஸ் ட்யூபை மறுநாள் காலையில் போய்ப் பார்க்காதீர்கள்

மறுபடியும் அதே மாதிரி ரிப்போர்ட். ரத்தக் கல்ச்சரில் ஸ்டெஃபிலோகாக்கஸ், கோயாகுலேஸ் (பிளாஸ்மாவை உறைய வைக்கும் நொதி) நெகட்டிவ், 'தோலிலிருந்து ஒட்டி வந்திருக்கலாம்' என்று ஒரு குறிப்பு. அதை நம்பி வார்டில் மருந்தை நிறுத்துகிறார்கள். காய்ச்சல் விடவில்லை. அடுத்த கல்ச்சரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்! இதய வால்வையே அரிக்கக்கூடிய கிருமி. விசாரித்தால், முதல் கல்ச்சரின் கோயாகுலேஸ் ட்யூபை (கிருமியைப் பிளாஸ்மாவில் கலந்து வைப்பது, உறைந்தால் ஆரியஸ்) மாலையில் போட்டு மறுநாள் காலையில்தான் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

'ராத்திரி முழுக்க வைத்தால் இன்னும் நன்றாக உறையும்' என்ற நினைப்பை தயவுசெய்து விடுங்கள். உறைய வைப்பது கோயாகுலேஸ். அதே ஆரியஸின் பல வகைகள் ஸ்டெஃபிலோகைனேஸையும் சுரக்கும். அது உறைந்ததைக் கரைத்துவிடும். 3 மணி நேரத்தில் கெட்டியாக இருந்த ட்யூப் காலையில் தண்ணீராக இருக்கும். நீங்கள் பார்ப்பது உறையாத பிளாஸ்மா இல்லை, உறைந்து கரைந்த பிளாஸ்மா. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

0.5 மி.லி. இடிடிஏ (தானாக உறையாமல் தடுக்கும் பொருள்) சேர்த்த முயல் பிளாஸ்மா, 0.1 மி.லி. புது பிராத் கல்ச்சர் (திரவ ஊடகத்தில் வளர்த்த கிருமி), 37 டிகிரி. அரை மணிக்கு ஒருமுறை, 4 மணி நேரம் வரை பாருங்கள். மெதுவாகச் சாய்த்தால் போதும். குலுக்கினால் அரைகுறையாக உறைந்தது உடைந்துவிடும். 4 மணி நேரத்திலும் நெகட்டிவ் என்றால் அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வரை வையுங்கள். சில ஆரியஸ் தாமதமாகத்தான் உறைய வைக்கும். பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் (முடிவு முன்பே தெரிந்த கிருமிகள்) இல்லாமல் ட்யூப் போடவே வேண்டாம்.

ரத்த வங்கியில் காலாவதியான பிளாஸ்மாவை வாங்கி வைத்துக்கொள்வதும் நிற்க வேண்டும். அதில் கிருமியைத் தடுக்கும் ஆன்டிபாடி இருக்கலாம், உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜன் குறைந்திருக்கலாம். அதுவும் இடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் சேர்த்த பிளாஸ்மா. சிட்ரேட்டைத் தின்னும் என்டரோகாக்கஸ் போன்றவை கோயாகுலேஸ் இல்லாமலேயே அதை உறைய வைத்து ஏமாற்றும்.

ஸ்லைடு டெஸ்ட் (கண்ணாடித் துண்டில் கிருமியைப் பிளாஸ்மாவோடு கலந்து திரள்கிறதா என்று பார்ப்பது) அவசரத்துக்கு மட்டும். அது பார்ப்பது கிருமியின் மேல் ஒட்டியிருக்கும் க்ளம்பிங் ஃபேக்டரை, வேறொரு புரதத்தை. ஆரியஸிலேயே சில அதில் திரளாது. ஸ்லைடு நெகட்டிவை ட்யூபில் உறுதி செய்யாமல் அனுப்பாதீர்கள். மானிட்டால் சால்ட் அகார் என்ற உப்பு மிகுந்த ஊடகத்திலிருந்து காலனி எடுக்காதீர்கள், உப்பினால் தானாகவே திரளும். தானாகத் திரள்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் பிளாஸ்மா இல்லாத சலைன் துளி கட்டாயம்.

ஸ்லைடு பாசிட்டிவ், ட்யூப் நெகட்டிவ் என்று வந்தால் 'தோல் கிருமி' என்று முடித்துவிடாதீர்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் லக்டுனென்சிஸாக இருக்கலாம், வால்வைத் தாக்குவதில் ஆரியஸுக்குச் சளைத்ததில்லை. அதை அடையாளம் காட்டும் ஆர்னிதின், பிஒய்ஆர் என்ற இரண்டு நொதிச் சோதனைகளையும் போட்டுப் பார்த்த பிறகு ரிப்போர்ட்டில் கையெழுத்து போடுங்கள்.