கத்தினாலும் கையை எடுக்காதீர்கள்

வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனில் 20 லிட்டர் பிடிக்கும். வளர்ந்த ஒரு ஆளின் உடம்பில் ஓடும் ரத்தம் அதில் கால்வாசிதான், சுமார் 5 லிட்டர். அதில் 2 லிட்டர் வெளியே போய்விட்டால் உயிர் ஊசலாட ஆரம்பித்துவிடும். தொடையில் ஓடும் பெரிய தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய், அறுந்தால் அதற்குச் சில நிமிடங்களே போதும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் தோற்றுப்போகும். ஆக, காப்பாற்ற முடிந்தவர் அந்த இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் ஆள்தான், அவர் மளிகைக் கடைக்காரராக இருந்தாலும் சரி.

அமெரிக்காவில் இந்த எண்ணம் வலுத்தது ஒரு கொடூரத்துக்குப் பிறகு. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். அதே மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகர அறுவை சிகிச்சை நிபுணர் லென்வொர்த் ஜேக்கப்ஸ் 2013 ஏப்ரலில் மருத்துவர்கள், போலீஸ், ராணுவத்தினர் எனப் பலரையும் கூட்டி உட்கார்ந்து பேசினார். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் சிப்பாய்கள் ஒருவர் காயத்தை ஒருவர் இறுக்கிக் கட்டியே ஏராளமான உயிர்கள் பிழைத்திருந்தன. அதைப் பொதுமக்களுக்கும் சொல்லிக்கொடுத்தால் என்ன என்ற யோசனைதான் 2015 அக்டோபரில் 'ஸ்டாப் த ப்ளீட்' (ரத்தப்போக்கை நிறுத்து) என்ற இயக்கமாக வெள்ளை மாளிகையில் தொடங்கப்பட்டது. ஒன்றிரண்டு மணி நேர வகுப்பு, அவ்வளவுதான்.

அப்படி என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் மருத்துவம் என்பதைவிட வாய்க்கால் வேலை என்று சொல்லலாம்.

வாய்க்காலில் உடைப்பு எடுத்தால் மண்ணை மட்டும் அள்ளிப் போட்டுப் பாருங்கள், தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்விடும். ஒரு சாக்கையோ பலகையையோ வைத்து ஓட்டத்தைத் தடுத்தால்தான் மண் நிற்கும். ரத்தத்திலும் அதே கதை. ரத்தத்திலேயே இருக்கும் தட்டணுக்கள் என்ற நுண்துகள்கள் ஓடிவந்து ஓட்டையில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஃபைப்ரின் என்ற இழை வலைபோலப் பின்னி அவற்றைக் கெட்டிப்படுத்தும், ஆனால் தமனியிலிருந்து பீய்ச்சியடிக்கும் ரத்தம் அந்த வலையைப் பின்னவே விடாது. நாம் அழுத்துவது அந்த ஓட்டத்தைத் தடுத்து, உறைவதற்கு நேரம் வாங்கிக் கொடுக்கத்தான். காபித்தூளும் மஞ்சள்தூளும் இங்கே வேலைக்கு ஆகாது, தமனி அவற்றையும் சேர்த்துக் கழுவித் தள்ளிவிடும்.

தொடை இடுக்கு, அக்குள் போன்ற இடங்களில் பட்டையைச் சுற்றிக் கட்ட வழியில்லை. அங்கே சுத்தமான துணியைக் காயத்துக்குள்ளேயே, ரத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்த அடி ஆழம் வரை விரலால் திணித்து நிரப்பி, இரண்டு கைகளையும் வைத்து உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும். மேலாக ஒரு கர்ச்சீப்பை வைப்பது ரத்தத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது. சாதாரணத் துணி என்றால் பத்து நிமிடமாவது கையை எடுக்கக் கூடாது. 'நின்றுவிட்டதா பார்ப்போம்' என்று நடுவில் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, அப்போதுதான் பின்னிய வலை பிய்ந்துபோகும். நெஞ்சிலும் வயிற்றிலும் இப்படித் திணிக்கக் கூடாது. குத்தி நிற்கும் கத்தி, கம்பியைப் பிடுங்கவும் கூடாது, சில சமயம் அடைப்பாக நிற்பதே அதுதான்.

கை, கால் என்றால் டூர்னிகெட். அகலமான பட்டை, அதை முறுக்க ஒரு குச்சி. காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது விழாமல் கட்டி, ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். இதில் ஒரு விபரீதம் உண்டு: பாதி இறுக்கினால் கட்டாமல் விட்டதைவிட மோசமாகலாம். ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளில் அழுத்தம் குறைவு, அவை லேசான இறுக்கத்திலேயே மூடிக்கொள்ளும். தமனியோ உள்ளே இறைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே வந்த ரத்தத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை, காயம்தான் வாசல். மெல்லிய கயிறோ ஒயரோ தசையை அறுக்குமே தவிர ஆழத்தில் இருக்கும் தமனியைச் சரியாக நசுக்காது, அதனால்தான் பட்டை அகலமாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

'கட்டினால் காலையே எடுக்க வேண்டிவரும்' என்ற பயம் இன்னும் இருக்கிறது. பொதுவாக 2 மணி நேரம் வரை தசை தாங்கும், முழங்கால் அறுவை சிகிச்சைகளில் மருத்துவர்களே இப்படி இறுக்கி வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதிவிட்டு, அவிழ்ப்பதை மருத்துவமனைக்கு விட்டுவிட வேண்டும். பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டாதே என்று சொல்வார்களே, அது சரிதான், அது வேறு விஷயம்.

உதவினால் கேஸ் வருமே என்று ஒதுங்குபவர்களுக்கு: 2019இல் திருத்தப்பட்ட நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்குப் பாய விடாது.

ஆனால் வகுப்பில் கஷ்டமான பாடம் இது எதுவுமில்லை. சரியாக இறுக்கிய டூர்னிகெட் பயங்கரமாக வலிக்கும், அடிபட்டவர் விடச் சொல்லிக் கத்துவார். நம் கை தானாகவே தளரும். அதனால் பயிற்சியில் ஒருவர் கையில் ஒருவர் கட்டிப் பழகுகிறார்கள். முதல் தடவை எல்லோருமே மரியாதையாகத்தான் இறுக்குவார்கள், மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தால் நாடி ஜோராகத் துடித்துக்கொண்டிருக்கும். குச்சியை இன்னும் ஒரு சுற்று சுற்ற வேண்டும்.