வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்கும் முன்

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரவுட்டர் அமைத்துக் கொடுக்கப் போகிற வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அறையில் வாடகைக்கு இருக்கும் தம்பிக்கும் அதே, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்தவர்களுக்கும் அதே. "இன்டர்நெட்தானே அண்ணே, பார்த்துட்டுப் போகட்டும்" என்பார்கள். இன்டர்நெட் மட்டும் என்றால் நானும் சரி என்று விட்டுவிடுவேன்.

ரவுட்டர் வெளியே இன்டர்நெட்டோடு இணைக்கிறது. அதோடு வீட்டிலுள்ள போன், டிவி, பிரிண்டர், சிசிடிவி பெட்டி எல்லாவற்றையும் தமக்குள் சேர்க்கிறது. இந்த உள் இணைப்புதான் லேன். இன்டர்நெட் லைன் போனாலும் போனிலிருந்து பிரிண்டருக்குப் பக்கம் போகும், ஏனென்றால் அது வீட்டைத் தாண்டவே இல்லை. லேனில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டரே ஒரு ஐபி முகவரி கொடுக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அந்த முகவரியை வெளியிலிருந்து நேராக எட்ட முடியாது, ஆனால் பாஸ்வேர்டு வாங்கியவர் உள்ளே வந்துவிட்டார். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் போனில் புகுந்திருக்கும் கெட்ட ஆப்புக்கும் உங்கள் கேமராவும், ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் லாகின் பக்கமும் எட்டும்.

அந்த லாகின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. லாகின் பாஸ்வேர்டை மாற்றாமலே பலர் வைத்திருக்கிறார்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ் ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடித்து, லாகின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அப்படியே டபிள்யூபிஎஸ்ஸையும், அதாவது பாஸ்வேர்டு அடிக்காமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ வைஃபையில் சேர விடும் வசதியையும், அணைத்துவிடுங்கள்.

அப்புறம் கெஸ்ட் வைஃபை, அதாவது விருந்தாளிகளுக்கென்று அதே ரவுட்டர் தரும் தனி வைஃபை. அதைத் திறந்து, உள் நெட்வொர்க்கைப் பார்க்க விடும் தேர்வு இருந்தால் மூடி, வருகிறவர்களுக்கு அந்தப் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். பழைய வைஃபை பாஸ்வேர்டு ஏற்கெனவே பலரிடம் இருக்கும், அதனால் அதையும் மாற்றத்தான் வேண்டும். டிவியிலும் கேமராவிலும் திரும்பப் போடும் சிரமத்தைப் பார்க்காதீர்கள். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், அது வீட்டுப் போனாகவே இருக்கலாம். இப்போதைய போன்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, மறைத்து வேறொன்றைக் காட்டும்.

அறை வாடகைக்கு விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பழைய ரவுட்டர் ஒன்றை உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் செருகி "தனி வைஃபை" என்று கொடுத்தால், பெயர் மட்டும்தான் தனி. அங்கே இருப்பவர் பெரும்பாலும் உங்கள் லேனை எட்ட முடியும், நீங்கள்தான் அவர் பக்கம் போக முடியாது.